ஆம்னியும் வேண்டும், பிடிப்பும் வேண்டும்: பட்டர்ஃப்ளை டிரைவ் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மிச்சிகன்அப்பா எழுதியது:

வணக்கம். நான் மென்பொருள்காரன். மகளின் பள்ளி அணி எஃப்.ஆர்.சி. என்ற பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டியில் ஆடுகிறது, எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்ததே அங்கே உதவிக்குப் போன பிறகுதான்.

போன சீசனில் எங்கள் வண்டி நான்கு மூலையிலும் ஆம்னி வீலோடு ஓடியது. ஊரில் இருப்பவர்கள் ஆம்னி பஸ்ஸை நினைக்க வேண்டாம். இது விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் வைத்த சக்கரம். முன்னும் பின்னும் சாதாரணச் சக்கரம்போல ஓடும், பக்கவாட்டில் தானாக வழுக்கும். திரும்புவதற்கு அவ்வளவு சுகம். ஆனால் எதிரணி விலாவில் வந்து முட்டினால் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி மாதிரி ஓரமாகப் போய்விடுவோம். ஒரு ஆட்டத்தில் கோல் வாசலிலிருந்து பத்தடி தள்ளிக்கொண்டே போனார்கள். ஓட்டியது மகள்தான். அன்று இரவு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

இப்போது ஆஃப் சீசன். ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஆம்னி, ஒரு ரப்பர் டிராக்‌ஷன் வீல், இரண்டையும் ஒரே தகட்டில் மாட்டி, காற்றுச் சிலிண்டர் தட்டினால் ரப்பர் கீழே இறங்கி ஆம்னி தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்படி செய்யலாம் என்கிறார்கள் பிள்ளைகள். பட்டர்ஃப்ளை டிரைவ் என்பது இதுதான், அவர்கள் வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன். ஆம்னியின் அச்சே தகடு ஆடும் கீலாகவும் இருக்கும். இரண்டு சக்கரமும் 4 அங்குலம், இடைத்தூரம் சுமார் 5 அங்குலம். பம்பர், பேட்டரி எல்லாம் சேர்த்து 150 பவுண்டு. மோட்டார் சிம் (CIM) வகையில் நான்கு, கியர்பாக்ஸ் 5.95:1.

கேள்விகள்: அலமாரியில் முக்கால் அங்குல போர் (உள்விட்டம்) சிலிண்டர் நான்கு சும்மா கிடக்கிறது, போதுமா? ஆம்னியிலிருந்து ரப்பர் சக்கரத்துக்கு செயினா, கியரா? நான்கு மூலையிலும் வேண்டுமா, இரண்டு போதுமா?

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

வாங்க. டெக்சாஸில் இருந்து எழுதுகிறேன், பத்து வருடத்துக்கு மேலாக மென்டர் வேலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நான்கு ஆம்னியை நேராக மாட்டினால் வண்டி பக்கவாட்டில் வழுக்குமே தவிர, நீங்கள் நினைத்தபோது பக்கவாட்டில் ஓட்ட முடியாது. அதற்கு நடுவில் குறுக்காக ஐந்தாவது சக்கரம் ஒன்று வேண்டும். இங்கே கிரீன்வில் ஊரின் 148ஆம் எண் அணி, ரோபோராங்லர்ஸ், 2010இல் அதைத்தான் செய்தது. நான்கு ஆம்னி, நான்கு டிராக்‌ஷன், நடுவில் குறுக்காக ஒன்று. மொத்தம் ஒன்பது சக்கரம், அதனால் நோனாடிரைவ். ஆம்னிக்குப் பதில் உருளை சாய்ந்திருக்கும் மெக்கானம் சக்கரம் போட்டால் அதற்கு ஆக்டோகானம் என்று பெயர். அதில் ஐந்தாவது தேவையில்லை. உங்களுடையது எட்டுச் சக்கரத்தோடு நிற்கிற பட்டர்ஃப்ளை.

சரக்கு ஒன்றும் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருளை வைத்த சக்கரத்துக்கு கிராபோவிக்கி என்பவர் அமெரிக்காவில் 1919லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உருளையைச் சாய்த்து வைக்கிற மெக்கானம், சுவீடனில் பெங்ட் இலான் 1970களில் கொண்டுவந்தது. இரண்டு வகைச் சக்கரத்தையும் ஒரே வண்டியில் ஏற்றி மாற்றி மாற்றி இறக்குவதைத்தான் போட்டிக்காரர்கள் சேர்த்தார்கள்.

அடுத்தது, உங்கள் கேள்வியில் இல்லாதது. "ரப்பர் வந்தால் பிடிப்பு கூடும், அதனால் தள்ளுவோம்" என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நேராகத் தள்ளும்போது நல்ல ஆம்னிக்கும் ரப்பருக்கும் களத்துக் கார்ப்பெட்டில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஆம்னிக்கு உராய்வு எண் 1 பக்கம், சொரசொரப்பான பட்டைக்கு 1.2 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பு சம்பாதிப்பது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, விலாவில் முட்டினால் நகராமல் நிற்பது. இன்னொன்று, தகட்டுக்குள்ளேயே ஒரு வேகக் குறைப்பு வைத்துக்கொள்ளலாம் என்பது. சக்கரம் மாறும்போதே கியரும் மாறுகிறது. தனியாக ஷிஃப்டர் கியர்பாக்ஸ் வாங்க வேண்டாம்.

உங்கள் எண்ணிலேயே பார்ப்போம். சிம் மோட்டார் சும்மா சுற்றினால் நிமிடத்துக்கு 5330 சுற்று. 5.95 கியர், 4 அங்குலச் சக்கரம் என்றால் வினாடிக்கு 15.6 அடி, களத்தில் 13 பக்கம் வரும். நல்ல வேகம். இதே கியரில் ரப்பரை இறக்கித் தள்ளினால், சக்கரம் வழுக்கும் நிலைக்கு வருவதற்குள் ஒவ்வொரு மோட்டாரும் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மோட்டாருக்கு 40 ஆம்பியர் பிரேக்கர், மொத்தத்துக்கு 120. பேட்டரி அழுத்தம் ரொம்பக் கீழே போனால் வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினியான ரோபோரியோ மோட்டாரை எல்லாம் நிறுத்திவிடும். ஆக நீங்கள் தள்ளுவதற்குப் பதில் நின்று துடித்துக்கொண்டிருப்பீர்கள். தகட்டுக்குள் 2:1 வைத்தால் அதே தள்ளலுக்கு 55 ஆம்பியர் அளவில் முடிந்துவிடும். அதையும் நிமிடக்கணக்கில் இழுக்க முடியாது, ஆனால் ஒரு முட்டல் மோதலுக்குப் போதும்.

---

ஸ்வெர்வ்பக்தன் எழுதியது:

இந்தக் காலத்தில் இதை யார் செய்கிறார்கள்? சக்கரமே தனி மோட்டாரில் திசை திரும்பும் ஸ்வெர்வ் மாட்யூல் நான்கு வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. எந்தப் பக்கமும் ஓடும், எப்போதும் ரப்பர்தான் தரையில், சக்கரத்தைக் குறுக்காகத் திருப்பி நிறுத்தினால் யாரும் அசைக்க முடியாது. மாற்றி இறக்கவேண்டிய அவசியமே இல்லை.

---

மிச்சிகன்அப்பா எழுதியது:

உண்மைதான், மறுக்கவில்லை. சாம்பியன்ஷிப் பக்கம் போனால் கிட்டத்தட்ட எல்லா வண்டியும் ஸ்வெர்வ்தான். ஆனால் அதற்கு எட்டு மோட்டார், எட்டு கன்ட்ரோலர், அப்புறம் மாட்யூல் விலை. எங்களிடம் இருப்பது பழைய சேஸிஸ், பழைய சிம், ஒரு டிரில் பிரஸ். பேக் பிரித்து மாட்டுவதில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ள என்ன மிச்சம் என்ற யோசனையும் இருக்கிறது. இது அவர்கள் தாங்களே வரைந்தது.

---

கோவைலேத் எழுதியது:

உங்கள் போட்டியெல்லாம் எனக்குத் தெரியாது. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், அக்கா மகன் இந்த இழையை அனுப்பினான். படத்தைப் பார்த்ததும் ஒன்று உறுத்தியது, அதனால் எழுதுகிறேன்.

சிலிண்டர் வண்டியின் எடையை மட்டும் தூக்கினால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஓடுகிற சக்கரம் தகட்டையே திருப்பப் பார்க்கும் சார். ஆம்னி அச்சில் தகடு தொங்குகிறது. ரப்பர் சக்கரம் அந்தக் கீலுக்கு முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். வண்டி முன்னால் போக, தரை சக்கரத்தின் அடியை முன்னோக்கித் தள்ளுகிறது. கீல் மேலே, தள்ளல் கீழே. தகடு முன்னால் வீசி மேலே மடங்கப் பார்க்கும். அதாவது நீங்கள் பலமாகத் தள்ளத் தள்ள, ரப்பர் தரையை விட்டு நழுவும். அதே சக்கரம் கீலுக்குப் பின்னால் இருந்தால் வண்டிக்கு அடியில் புகப் பார்க்கும், தன்னைத்தானே தரையில் அமுக்கிக்கொள்ளும். ரிவர்ஸ் எடுத்தால் இரண்டும் தலைகீழ்.

இன்னும் ஒன்று. கீலின் அச்சில் இருந்தே செயின் போட்டு அதே திசையில் சுற்றினால், உள்ளே வருகிற முறுக்கு எதிர்ப்பக்கம் இழுத்து இந்த மடங்கலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 1:1 செயின் என்றால் கிட்டத்தட்ட முழுவதும் சரியாகிவிடும். 2:1 போட்டால் பாதிதான் சரியாகும். ஒற்றைக் கியர் ஜோடி போட்டால் திசை மாறிவிடுகிறதல்லவா, அப்போது தின்பதற்குப் பதில் கூட்டும்.

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

அண்ணா, ரொம்பப் பேர் உடைத்த பிறகு கண்டுபிடிக்கிற விஷயத்தைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டீர்கள். எண் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு மூலைக்கு 37.5 பவுண்டு. இடைத்தூரம் 5 அங்குலம். எடையால் மட்டும் தகட்டுக்கு வரும் திருப்பம் 188 பவுண்டு அங்குலம். முழுப் பிடிப்பில் தள்ளும்போது தரையில் விசை 45 பவுண்டு. ரப்பர் இறங்கிய நிலையில் கீல் தரையிலிருந்து 2.2 அங்குல உயரம். 2:1 செயின் என்றால் கழிவு போக இன்னும் 54 சேரும். மொத்தம் 242. சிலிண்டரும் கீலிலிருந்து 5 அங்குலத்தில் அழுத்தினால் 48 பவுண்டு விசை வேண்டும். இதே 2:1 ஒற்றைக் கியரில் என்றால் 54க்குப் பதில் 144 சேர்ந்து, 66 பவுண்டு ஆகிவிடும்.

எஃப்.ஆர்.சி.யில் வேலை அழுத்தம் 60 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது. முக்கால் அங்குல போர் தருவது 26 பவுண்டு. எடையையே தூக்காது, அதை அலமாரியிலேயே விடுங்கள். ஒன்றேகால் பக்கம்கூட வராத 1 1/16 போர் 53 தரும், காகிதத்தில் தாங்கும். ஆனால் தள்ளும்போது எடை பின்பக்கம் போகும், எதிரி உங்கள் பம்பருக்கு அடியில் புகுந்து ஒரு பக்கத்தைத் தூக்குவான், ஒரு மூலைக்கு 37.5 என்பது அப்போது வெறும் பேச்சு. ஒன்றரை அங்குல போர் போடுங்கள், 106 பவுண்டு. கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம்.

கியர் கேள்விக்குப் பதிலும் இதிலேயே வந்துவிட்டது. அதோடு 5 அங்குல இடைத்தூரத்தில் ஒற்றை ஜோடியிலேயே 2:1 எடுத்தால் பெரிய கியரின் விட்டம் ஆறரை அங்குலத்தைத் தாண்டிவிடும், அது 4 அங்குலச் சக்கரத்தைவிடப் பெரிது. சக்கரத்துக்கு முன்னால் கியர் தரையைத் தொடும்! செயின்தான். 25ஆம் எண் செயின், 16 பல்லுக்கு 32 பல். 64 கண்ணி போட்டால் இடைத்தூரம் 4.96 அங்குலம் வரும். 5 என்று முழு எண்ணாகத் துளைத்துவிடாதீர்கள். செயின் மாட்டவே மாட்டாது, அரைக் கண்ணி தேடி அலைவீர்கள். தகட்டுக்குள் இடைத்தூரம் மாறாது என்பதால் டென்ஷனர் வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து வரும் செயினும் கீலின் அச்சிலேயே இறங்குகிறது, தகடு ஆடினாலும் அது தளராது. ஆம்னி அச்சைக் கீலாக வைத்த உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சபாஷ்.

---

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

வணக்கம் அண்ணை. கனடாவில் ஒன்டாரியோப் பக்கம் ஒரு அணியோடு நிற்கிறேன். நாங்கள் இதைச் செய்து, ஓட்டி, உடைத்தும் பார்த்தோம். உடைத்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் குறைப்பு 2.5:1. முதல் நாள் பயிற்சியில் எங்கள் ஓட்டுநர் பெடியன் முழு வேகத்தில் ஆம்னியில் வந்துகொண்டிருக்கும்போதே பொத்தானை அமத்திவிட்டான். யோசித்துப் பாருங்கோ. தரை வண்டியின் வேகத்தில் ஓடுது, ரப்பர் அதில் ஐந்தில் இரண்டு பங்கு வேகத்தில்தான் சுத்துது. நான்கு மூலையும் ஒரே நேரத்தில் பிரேக் பிடித்த மாதிரி. வண்டி மூக்கில் நிமிர்ந்து நின்றது, ஒரு கணம் நான் பின்சக்கரத்தின் அடியைப் பார்த்தேன். திரும்பி விழுந்தபோது முன் இடது தகட்டின் செயின் பல்லைத் தாண்டிப் பாய்ந்து, ஸ்ப்ராக்கெட்டின் மூன்று பல்லை மொட்டையாக்கிவிட்டது. அந்தச் சில்லு இப்பவும் எங்கள் பட்டறைச் சுவரில் தொங்குது.

அதுக்குப் பிறகு நிரலில் ஒரு பூட்டுப் போட்டோம். சக்கர வேகத்தை அளக்கிற என்கோடர் வினாடிக்கு 3 அடிக்கு மேல் காட்டினால் பொத்தானை எவ்வளவு அமத்தினாலும் ரப்பர் இறங்காது.

ஆனால் பெரிய சிக்கல் அதுவும் இல்லை. ஒரு முழுப் போட்டி முடிந்து பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். எங்கள் ஓட்டுநர் அந்தப் பொத்தானை ஒரு ஆட்டத்துக்கு ஒரு தரம்கூட ஒழுங்காக அமத்தேல்லை. சில ஆட்டத்தில் அறவே இல்லை. அமத்தின நேரமும் பிந்தித்தான்: முட்டி, தள்ளி, இடம் போன பிறகு. பிழை பெடியனில் இல்லை. கண் பந்தில் இருக்கு, கை இரண்டும் ஸ்டிக்கில் இருக்கு, அந்த நேரத்தில் யாருக்குப் பொத்தான் ஞாபகம் வரும்? ஆறு கிழமை இரவிரவாகச் செய்த சாமான், ஆட்டம் முழுக்க மேலே மடிந்தபடியே இருந்தது.

---

ரோபோகான்_மூன்றாம்வருடம் எழுதியது:

சென்னையில் படிக்கிறேன், எங்கள் கிளப்பில் ரோபோகான் என்ற கல்லூரி ரோபோ போட்டிக்கு எப்போதும் ஆம்னியை 45 டிகிரியில் திருப்பி எக்ஸ் டிரைவ் போடுவோம். அதில் இதை மாட்ட முடியாதா? அப்புறம், காற்று எத்தனை தடவைக்கு வரும்?

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

எக்ஸில் ஆம்னி மூலைவிட்டமாக நிற்கும், ரப்பரோ நேராக நிற்க வேண்டும். ஒரே தகட்டில் ஒரே செயினில் இரண்டையும் ஓட்ட முடியாது தம்பி. பக்கவாட்டில் ஓட்டவும் வேண்டுமென்றால் ஆக்டோகானம் பக்கம் போங்கள்.

காற்று: ஒன்றரை அங்குல போர், ஒரு அங்குல ஓட்டம், நான்கு சிலிண்டர். ஒரு முறை இறக்க, சாதாரண அழுத்தத்தில் சொன்னால், 36 கன அங்குலக் காற்று போகும். 35 கன அங்குலத் தொட்டி 120 பிஎஸ்ஐயிலிருந்து 60க்கு வருவதற்குள் தருவது சுமார் 143. அதாவது ஒரு தொட்டிக்கு நான்கு இறக்கம். மேலே ஏற்றவும் காற்றே செலவழித்தால் இரண்டு சுற்றுதான். ஏற்றுவதற்குக் காற்று எதற்கு? சிலிண்டரைத் திறந்துவிட்டால் வண்டியின் எடையே தகட்டை மடக்கிவிடும். ரப்பரைத் தரையில் உரசாமல் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் போதும். காற்று தீர்ந்தாலும் வண்டி ஆம்னியில் நிற்கும், ஓடிக்கொண்டிருக்கும்.

விரலைச் சொல்ல மறந்துவிட்டேன். பிட்டில், அதாவது போட்டியில் பழுதுபார்க்கிற இடத்தில், வண்டியைத் தூக்கி வைத்துச் செயினைத் தொடுவதற்கு முன் காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். தகடு இறங்கும் இடைவெளியில் விரல் இருந்தால் 106 பவுண்டுக்கு இரக்கம் கிடையாது.

---

கோவைலேத் எழுதியது:

பக்கவாட்டு முட்டலைப் பற்றி யாரும் பேசவில்லையே? அதற்காகத்தானே இவ்வளவும். விலாவில் முட்டும்போது 45 பவுண்டு சக்கரத்தின் அடியில் குறுக்கே தள்ளுகிறது, கீலிலிருந்து 5 அங்குலம் தள்ளி. ஒரே ஒரு தகடு போட்டால் முறுக்கிக்கொள்ளும், செயின் ஓரமாக ஓடும். இரண்டு தகடு, நடுவில் ஸ்பேசர், கீலின் புஷ் (துளைக்குள் போடும் தேய்மான வளையம்) இரண்டும் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு. சக்கரம் பக்கம் சேஸிஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் டெல்ரின் பிளாஸ்டிக் முட்டு ஒன்று வையுங்கள். முட்டலை அது வாங்கிக்கொள்ளும், கீல் பிழைக்கும்.

---

மிச்சிகன்அப்பா எழுதியது, ஒன்பது வாரம் கழித்து:

இழையைத் தூசி தட்டுகிறேன். வண்டி ஓடுகிறது.

முக்கால் அங்குலச் சிலிண்டரை ஒரு பிடிவாதக்காரப் பையன் மாட்டித்தான் பார்த்தான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டது, எழுந்திருக்கவில்லை. இப்போது ஒன்றரை அங்குலம். சக்கரம் கால் அங்குலம் மேலே போகிறது. முதலில் எட்டில் ஒரு பங்குதான் வைத்திருந்தோம். மேசையில் தூக்கினது, கார்ப்பெட்டில் அமுங்கி ஆம்னி உரசிக்கொண்டே வந்தது.

ரப்பரை முதலில் மூலைப் பக்கமாக, கீலுக்கு வெளியே வைத்தோம். நான்கு ரப்பரும் நான்கு ஓரத்தில் இருந்ததால் திரும்பவே மாட்டேன் என்று தட தடவென்று குதித்தது. தகட்டை உட்பக்கமாகத் திருப்பி மாட்டினோம். சக்கரங்கள் நடுவை நோக்கி நெருங்கியதும் திரும்புகிறது. முன்தகடுகள் இப்போது கீலுக்குப் பின்னால் இருப்பதால், நேராகத் தள்ளும்போது கோவை அண்ணன் சொன்னபடி தரையைக் கவ்வுகின்றன. பின்தகடுகள் தூக்கிக்கொள்ளப் பார்க்கின்றன, சிலிண்டர் பிடித்துவிடுகிறது.

மணல் மூட்டை ஏற்றி 150 பவுண்டு ஆக்கி, தொங்கு தராசைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தோம். ஆம்னியில் 9 பவுண்டுக்கே நகர்ந்தது. ரப்பரில் 160 வரை அசையவில்லை, நாங்கள்தான் வழுக்கினோம்.

ஸ்கார்பரோத் தம்பி சொன்ன பொத்தான் விஷயம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அது மட்டும்தான் என் துறை. அதனால் பொத்தானையே எடுத்துவிட்டேன். ஓட்டுநர் ஸ்டிக்கை விட்டுவிட்டு நிற்கிறார், அல்லது மெதுவாக நேராகப் போகிறார், ஆனால் முடுக்கமானி பக்கவாட்டில் திடீர் உதை காட்டுகிறது என்றால் ரப்பர் தானாக இறங்கும். வேகம் 3 அடிக்கு மேல் என்றால் இறங்காது. முதல் பதிப்பில் ஒவ்வொரு வளைவையும் எதிரியின் முட்டல் என்று நினைத்து இறங்கி இறங்கி ஏறியது, தொட்டி ஒரே நிமிடத்தில் காலி. ஜைரோ காட்டும் திருப்பத்தைக் கழித்த பிறகு அடங்கியது. மகள் ஓட்ட, மற்றவர்கள் பழைய வண்டியால் விலாவில் மோதினார்கள். பத்தில் எட்டு முறை, முட்டிய சத்தம் அடங்குவதற்குள் புஸ்ஸென்று இறங்கி நின்றது. மீதி இரண்டில் ஒரு கை நீளம் நகர்ந்த பிறகு.

---

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

அந்த ஜைரோக் கழித்தலை இங்கே போடுவீங்களோ அண்ணை? எங்கள் தகடு இன்னும் அலமாரியில்தான் இருக்கு.

---

மிச்சிகன்அப்பா எழுதியது:

கட்டாயம், சனிக்கிழமை போடுகிறேன். மகள் எழுதிய பகுதியும் இருக்கிறது, அவளிடம் கேட்க வேண்டும்.

---

கோவைலேத் எழுதியது:

கீலில் என்ன புஷ் போட்டீர்கள்?

---

மிச்சிகன்அப்பா எழுதியது:

அலுமினியத் தகட்டில் நேராகத் துளை. புஷ் போடவில்லை.

---

கோவைலேத் எழுதியது:

பத்து ஆட்டம் ஓடட்டும், துளை முட்டை வடிவம் ஆகியிருக்கும், பாருங்கள். கன் மெட்டல் புஷ் அடித்து, கிரீஸ் வையுங்கள் சார்.